இடப்பக்கத்துச் சீற்

நான் செய்த காருக்குக் கதவு கிடையாது. கூரையும் கிடையாது. மழை வந்தால் நனைய வேண்டியதுதான். இரும்புக் குழாய்களை ஒட்டிச் செய்த சட்டம், அதன்மேல் மஞ்சள் நிற ஃபைபர் கிளாஸ் உடல், பழைய ஜப்பான் கார் ஒன்றிலிருந்து கழற்றிய எஞ்சின், இரண்டு சீற். வலப்பக்கம் ஓட்டுகிறவருக்கு. இடப்பக்கம் கூட வருகிறவருக்கு. காரைச் செய்து முடித்துப் பல மாதமாகியும் அந்த இடப்பக்கத்துச் சீற்றில் ஒருவரும் இருந்ததில்லை.

கிட் கார் என்றால் எங்கள் ஆட்கள் பலருக்குத் தெரியாது. சட்டத்தையும் உடலையும் கொம்பனி ஒன்று பெட்டி பெட்டியாக அனுப்பும். மிச்சத்தை நாங்களே தேடி எடுத்துப் பொருத்த வேண்டும். அரசாங்கச் சோதனையில் தேறினால் நம்பர் பிளேட் கிடைக்கும். வால்தம்ஸ்டோவில் எங்கள் பிளாட்டுக்குப் பின்னால் கவுன்சில் கராஜ்கள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். வேலை முடிந்து வரும் மாலைகளிலும் சனி ஞாயிறுகளிலும் அதற்குள்ளேயே கிடந்தேன். ரேடியோ கூட வைத்திருக்கவில்லை. பக்கத்துக் கராஜில் யாரோ பழைய மெத்தைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அவர்களை நான் கண்டதே இல்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான். அப்பாவின் படிப்பு இடப்பெயர்வோடு நின்றுபோனது. அம்மாவின் படிப்பு அதற்கும் முன்னமே. அதனால் எனக்கு எதையும் செய்யத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான்: புத்தகத்தைப் படித்து, அதில் உள்ளபடி செய்வது. காரோடு வந்த கைநூலைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலக் கோடு போட்டுப் படித்தேன். வேலைக்குப் போகும் ரயிலில் மனப்பாடம் செய்தேன். அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். அவர் போனது நான் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது.

அந்தக் கைநூலில் ஒரு விதி இருந்தது. போதிய இறுக்கம் வந்ததும் ‘டக்’ என்று சத்தம் போடும் ஒரு ஸ்பானர் உண்டு, டோர்க் ரென்ச் என்பார்கள். அதைக்கொண்டு நட்டு ஒன்றை இறுக்கியவுடன் அதன் தலையில் ஒரு சொட்டு நிறம் வைக்க வேண்டும். நிறம் இருந்தால் இறுக்கியாயிற்று. இல்லாவிட்டால் இன்னும் இல்லை. மறுபடி கழற்றினால் நிறத்தைத் துடைத்துவிட வேண்டும். நான் அதற்குச் சிவப்பு நகப்பூச்சு வாங்கினேன். கடையில் நின்ற பெண், “நல்ல நிறம், அவவுக்குப் பிடிக்கும்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மா ஒருநாள் தேநீர் கொண்டுவந்தபோது காரைக் குனிந்து பார்த்தார்.

“இதென்ன தம்பி, எல்லா நட்டுக்கும் பொட்டு வைச்சிருக்கிறாய்?”

“அது ஒரு அடையாளம் அம்மா.”

“ம்ம். நல்லாத்தான் கிடக்கு.”

அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கராஜில் நாங்கள் இருவரும் கதைத்தது பெரும்பாலும் இப்படித்தான். தேநீர்க் கோப்பை வெறுமையாகும்வரை நிற்பார், வாங்கிக்கொண்டு போவார்.

வெம்பிளியில் ஒரு கலியாணம் நடந்தது. அம்மா மண்டபத்தின் கடைசி வரிசையில் கதவோரமாக இருந்தார். அப்பா போன பிறகு அவர் இருக்கும் இடம் அதுதான். ஆரத்தி எடுக்கக் கூப்பிட்டு விடுவார்களோ என்ற பயம் அவருக்கு. கூப்பிடமாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். நெற்றியில் திருநீறு மட்டும். நான் சாப்பாட்டு மேசையில் மாமா முறையான ஒருவரிடம் அகப்பட்டுக்கொண்டேன்.

“தம்பி, நீர் ஏதோ கார் செய்யிறீராம். கதவில்லையாம், கூரையில்லையாம். மிச்சத்தை எப்ப வாங்கப் போறீர்?”

மேசை முழுக்கச் சிரித்தது.

“அது அப்பிடித்தான் மாமா வரும்.”

“உவ்வளவு படிச்சுப்போட்டு எண்ணெய்க்குள்ளை கிடந்து உருளுறீர். பொழுது போகேல்லையெண்டா ஒரு கலியாணத்தைக் கட்டுமன்.”

நானும் சிரித்தேன். இடப்பக்கத்துச் சீற்றைப் பற்றி அவர் கேட்கவில்லையே என்று ஆறுதலாகவும் இருந்தது.

கார் சோதனையில் தேறியதும் முதல் ஓட்டம் ஆர்ச்வே முருகன் கோயிலுக்கு என்று அம்மா முன்னமே சொல்லி வைத்திருந்தார். ஆனால் காரில் வரவில்லை. குவீன்ஸ் ரோட் ஸ்டேசனில் ரயில் எடுத்து, அப்பர் ஹொலவேயில் இறங்கி, மேடேறி நடந்து, எனக்கு முன்னமே கோயில் வாசலில் நின்றார். குளிருக்குப் பயந்தார் என்றுதான் நான் நினைத்தேன்.

ஐயர் தட்டோடு வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

“தம்பி, கதவைத் திறவுங்கோ. உள்ளுக்கும் பொட்டு வைப்பம்.”

“கதவில்லை ஐயா.”

“அப்ப எனக்கு வேலை சுகம்” என்று சொல்லிக் குனிந்து, ஸ்ரியரிங்கில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பொனற்றில் வைத்தார். கற்பூரம் காட்டினார். தேங்காய் உடைத்தார். ஒவ்வொரு ரயருக்கும் கீழே ஒரு தேசிக்காய் வைத்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, “ஏறுங்கோ அம்மா. ஒரு சுத்துப் போட்டு வாங்கோ. தேசிக்காய் நசிபடட்டும்” என்றார்.

அம்மா பின்னால் நகர்ந்தார்.

“இல்லை ஐயா. நான் முதல் இருக்கக்கூடாது. வேறை ஆரும் முதல் இருக்கட்டும், பிறகு நான் இருக்கிறன்.”

“ஆர் சொன்னது இருக்கக்கூடாதெண்டு? பெத்த தாய் நீங்கள்.”

“அது சரி ஐயா. ஆனா பிள்ளையின்ரை புது வாகனம்.”

ஐயர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது. ஆர்ச்வே ரோட் சரிவில் வழியை மறித்துக்கொண்டு நின்றிருந்தோம். “எடுங்கோ தம்பி, எடுங்கோ” என்று ஐயர் கையைக் காட்டினார். நான் தனியாகத் தேசிக்காய்களின்மேல் ஏற்றிக்கொண்டு போனேன். பக்கத்தில் வெறும் சீற். கண்ணாடியில் அம்மா தெரிந்தார். குங்குமப் பிரசாதத்தைக் கடதாசித் துண்டில் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போதும் அவர் ரயிலில்தான் வந்தார். நான் குவீன்ஸ் ரோட் ஸ்டேசனுக்கு நடந்துபோய் அவருக்காகக் காத்து நின்றேன். இருவரும் வீட்டுக்கு நடந்தோம்.

அன்றிலிருந்து எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். யாராவது ஒருவர் அந்தச் சீற்றில் முதலில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு அம்மா இருப்பார். சொன்னால் சொன்னதுதான் அவர்.

கேட்டுப் பார்த்தேன். வேலையிடத்தில் என் பக்கத்து மேசைக்காரன் படத்தைப் பார்த்துவிட்டு ‘பிரமாதம்’ என்றான். எப்போது வருகிறாய் என்றதும் கணினித் திரையைப் பார்க்கத் தொடங்கினான். பல்கலைக்கழகத்துச் சிநேகிதன் வேறு ஊருக்குப் போய்விட்டான். சித்தியின் மகன் போனில், “அண்ணை, செமையா இருக்கும், ஆனா இந்த வீக்கெண்ட் ஏலாது” என்றான். அடுத்த வார இறுதியும் ஏலவில்லை. கராஜ் வரிசைக்குக் குப்பை எடுக்க வருகிறவரைக் கூட ஒருமுறை கேட்கலாமா என்று நினைத்தேன். ஒருவரிடம் போய், எனக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருங்கள் என்று கேட்பதற்கு எந்தக் கைநூலிலும் வழி சொல்லியிருக்கவில்லை.

அப்போதுதான் கழகக் கண்காட்சி வந்தது. கிட் கார் செய்கிறவர்களுக்கு ஒரு கழகம் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை சிங்ஃபர்ட் பக்கத்தில் ஒரு விளையாட்டு மைதானத்தில் எல்லாரும் தங்கள் கார்களோடு கூடுவார்கள். நான் உறுப்பினனாகிச் சில காலம். ஆனால் ஒருவரையும் நேரில் தெரியாது. அங்கே எல்லாரும் காரைத் தெரிந்தவர்கள். யாராவது ஒருவர் ஏறி இருந்து பார்க்கிறேன் என்பார் என்று நம்பினேன்.

முதல்நாள் சனிக்கிழமை, பின் விளக்குக்குப் போகும் வயர் ஒன்றை மாற்ற வேண்டி வந்தது. அது இடப்பக்கத்துச் சீற்றுக்குக் கீழே ஓடுகிறது. சீற்றையும் அதன் பெல்ற்றையும் கழற்றினேன். நட்டுகளிலிருந்த பழைய சிவப்பைத் துடைத்தேன். வேலை முடிந்ததும் திரும்ப வைத்து, நட்டுகளை விரலால் மட்டும் திருகி விட்டேன். காலையில் டோர்க் ரென்ச் பிடிக்கலாம் என்பது எண்ணம். காலையில் நேரம் போதவில்லை. ஓடும்போது அதில் ஒருவரும் வரப்போவதில்லை, ஏறிப் பார்க்கிறவரும் நிற்கிற காரில்தானே இருப்பார், வந்து செய்யலாம் என்று விட்டுவிட்டேன்.

அம்மா பெரிய கூலர் பெட்டியோடு கராஜுக்கு வந்தார். மற்றன் ரோல்ஸ், உழுந்து வடை, ஒரு போத்தல் சம்பல்.

“அம்மா, இது ஆருக்கு உவ்வளவும்?”

“உன்னை மாதிரி எத்தினை பேர் வருவினம். வெறுங்கையோடை போறதே?”

“அவையள் அவையவைக்குக் கொண்டு வருவினம்.”

“கொண்டு வந்தாலும் குடுத்தா சாப்பிடுவினம். நீ போய்க் கையைக் கழுவி உடுப்பை மாத்து. நான் இதிலை நிக்கிறன்.”

பரிசளிப்பு விழாவுக்குப் போகிறவன்போல வெள்ளைச் சேட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். அம்மா கராஜ் வாசலில் நின்று ரிசுக் கடதாசியால் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கூலரை இடப்பக்கத்துச் சீற்றில் தூக்கி வைத்து பெல்ற்றைப் போட்டேன். அம்மா அதைப் பார்த்துச் சிரித்தார். “ரோல்ஸ் முன்னுக்கு இருந்து போகுது” என்றார்.

மைதானத்து வாசலில் மஞ்சள் ஜாக்கெற் போட்டு நின்றவர் என்னைக் கடைசி வரிசையின் கடைசி இடத்துக்கு அனுப்பினார். எனக்கு ஒரு பக்கம் வேலி. மறு பக்கம் நீல நிறக் கார் ஒன்று. அதுவும் கூரையில்லாதது, என்னுடையதைவிடப் பழையது. அதன் பக்கத்தில் மடக்குக் கதிரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் வயதிருக்கும். வணக்கம் சொன்னேன். வணக்கம் சொல்லிவிட்டுப் பேப்பருக்குத் திரும்பினார். கணவர் எங்காவது நண்பர்களோடு நிற்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

பொனற்றைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். மற்றவர்கள் எண்ணெய் படிந்த மேலங்கியிலும் பழைய ஸ்வெற்றரிலும் இருந்தார்கள். வெள்ளைச் சேட்டு நான் ஒருவன்தான். கேள்விகளுக்குப் பதில் தயாராக இருந்தது. எஞ்சினை ஏன் அந்தக் கோணத்தில் வைத்தேன், டாஷ்போர்ட் விளிம்புகளைச் சோதனைக்காக எப்படி உருண்டையாக்கினேன், குளிரூட்டும் தண்ணீர்க் குழாயை எந்த வழியால் கொண்டுபோனேன். எல்லாம் ஆங்கிலத்தில் வாய்க்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

ஒருவர் வந்தார். எஞ்சினைப் பார்த்தார்.

“யார் செய்தது?”

“நான்.”

“நீயேவா? அப்படியா. நல்லது.”

போய்விட்டார். இன்னொருவர் தன் நாயோடு வந்து, நாய் ரயரை மோந்து முடிக்கும்வரை நின்று, தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒருவரையொருவர் பல வருடமாகத் தெரிந்தவர்கள். முன் வரிசையில் ஒருவரின் முதுகை இன்னொருவர் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. கூலரைத் திறக்கலாமா என்று பார்த்தேன். எல்லாரும் தங்கள் தங்கள் காருக்குப் பின்னால் மடக்குக் கதிரையில் இருந்து, தங்கள் தங்கள் பெட்டியிலிருந்து சான்ட்விச் எடுத்துச் சாப்பிட்டார்கள். ஒருவரும் ஒருவருக்கும் நீட்டவில்லை. நான் ஒரு ரோல்ஸை எடுத்து வேலிப் பக்கம் திரும்பி நின்று சாப்பிட்டேன். அம்மா செய்யும் ரோல்ஸ் ஆறினால் இன்னும் நல்லாயிருக்கும்.

“அது என்ன, நல்ல வாசனையாக இருக்கிறதே?”

நீலக் கார் அம்மா பேப்பரை மடித்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏறக்குறைய ஓடிப்போய்ப் பெட்டியையே நீட்டினேன். ஒன்றைக் கடித்து, கண்ணில் தண்ணீர் வர, இன்னொன்று எடுக்கலாமா என்று கேட்டார். பிறகு இருவரும் சேர்ந்து சாப்பிட்டோம். அன்று அந்த மைதானத்தில் நான் பட்ட சந்தோஷம் அதுவரை அவ்வளவுதான்.

பின்னேரம் மஞ்சள் ஜாக்கெற்காரர் நம்பர் அட்டைகளோடு வந்தார். கடைசியில் எல்லாக் கார்களும் ஒவ்வொன்றாக மைதானத்தைச் சுற்றி வரும். கூட இருக்கிறவர் அட்டையை உயர்த்திப் பிடிப்பார். மைக்கில் ஒருவர் காரையும் அதைச் செய்தவரையும் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார். அது அந்தக் கழகத்தின் வழக்கம்.

“உன்னோடு வருகிறவர் யார்?”

“ஒருவருமில்லை.”

“பரவாயில்லை, கண்ணாடியில் ஒட்டிவிடு” என்று ஒட்டும் ரேப் ஒன்றைத் தந்தார்.

நான் ரேப்பின் நுனியைத் தேடிக்கொண்டு நின்றேன். நுனி அகப்படவில்லை.

“உனக்குச் சம்மதமென்றால் நான் பிடிக்கிறேன்” என்றார் நீலக் கார் அம்மா. “எனக்குக் கார் ஓட்டவே பிடிக்காது. நான் எப்போதும் இடப்பக்கத்து ஆள்.”

எனக்குக் காது சூடாகியது. ஓம் என்றேனா, யெஸ் என்றேனா தெரியாது. இன்றைக்கு ஒருவர் இருக்கப்போகிறார், நாளைக்கு அம்மா இருப்பார். எனக்குள் அது மட்டும்தான் ஓடியது. கூலரை இறக்கி வைத்தேன். அவர் காரின் விளிம்பில் கை வைத்து ஒரு காலைத் தூக்கினார்.

அந்தக் கைக்குப் பக்கத்தில், மஞ்சள் விளிம்பில், ஒரு சிவப்புத் தீற்று இருந்தது. விரல் பட்ட தடம். காலையில் காரைத் துடைத்தபோது அது இருக்கவில்லை. கண் தானாகக் கீழே போனது. சீற்றின் நட்டுகளில் சிவப்பு. பெல்ற்றின் நட்டுகளில் சிவப்பு. இந்தச் சிவப்பைத்தானே நேற்று துடைத்தேன்.

“ஒரு நிமிடம். ஏற வேண்டாம்.”

காலை இறக்கி அவரும் குனிந்து பார்த்தார். “எல்லாவற்றிலும் குறி இருக்கிறதே. இறுக்கித்தானே இருக்கிறாய்.” அவருக்கும் அந்த விதி தெரிந்திருந்தது. ஒரு கணம் நானும் அப்படித்தான் நினைக்க விரும்பினேன். நிறம் இருந்தால் இறுக்கியாயிற்று. கைநூல் சொல்கிறது. நேற்று இறுக்கிவிட்டு மறந்திருப்பேன். கட்டைவிரலால் தொட்டேன். தூள் ஒட்டியது. நட்டு என் விரலுக்கே சுழன்றது.

குங்குமம். கோயிலில் கடதாசியில் மடித்த அதே குங்குமம். தண்ணீர் தொட்டுக் குழைத்து வைத்திருக்கிறார். பின்பக்கத்து நட்டுக்கு எட்ட வேண்டுமென்றால் லேசான வழி சீற்றில் ஏறி இருப்பதுதான். அம்மா அப்படிச் செய்யவில்லை. விளிம்பில் பதிந்த தடம் வெளியிலிருந்து பிடித்த கையினுடையது. வெளியில் நின்றபடி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு தூரம் வளைந்து கையை நீட்டியிருக்கிறார்.

“இது இறுக்கியதற்கான குறி இல்லை. என் அம்மா வைத்தது.”

“அம்மாவும் உன்னோடு சேர்ந்து செய்தாரா?”

எங்கே தொடங்கி விளங்கப்படுத்துவது? “ஓம்” என்று தமிழிலேயே சொன்னேன். பிறகு, “நீங்கள் இருக்க ஏலாது, மன்னித்துக்கொள்ளுங்கள், என் ஸ்பானர் கராஜில் கிடக்கிறது” என்றேன்.

அவர் நீலக் காரின் பின்பக்கத்தைத் திறந்தார். உள்ளே ஒரு கருவிப் பெட்டி. அதன் பிடியில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

“என் கணவருடையது. அவர் இறந்து, போன குளிர்காலத்தோடு ஒரு வருடம். நான் இதைத் திறக்கவில்லை. நீ திற.”

அப்போது எனக்குக் கோயில் வாசலில் அம்மா பின்னால் நகர்ந்தது ஞாபகம் வந்தது. வேறை ஆரும் முதல் இருக்கட்டும். அந்த ‘வேறை ஆரும்’ என்பதற்குள் அம்மாவின் கணக்கில் இவர் அடங்கமாட்டார். அது எனக்குத் தெரியும். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். விரல் நுனியில் ரோல்ஸின் எண்ணெய் இன்னும் மினுங்கியது. நான் பெட்டியைத் திறந்தேன். டோர்க் ரென்ச் மேலேயே இருந்தது, துணியில் சுற்றி.

நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினேன். ஒவ்வொரு ‘டக்’குக்கும் அவர் தலையை ஆட்டினார். எத்தனையோ வருடம் கேட்ட சத்தமாக இருக்க வேண்டும். பிறகு விளிம்பில் கை வைத்து, சீற்றில் ஒரு காலை ஊன்றி, ஒரே வழுக்கலில் உள்ளே இறங்கி உட்கார்ந்தார். எனக்குக்கூட இன்னும் அப்படி ஏற வராது.

மைதானத்தைச் சுற்றினோம். மைக்கில் என் பெயரைப் பாதியில் முறித்துச் சொன்னார்கள். எனக்கென்று கைதட்ட ஒருவரும் வந்திருக்கவில்லை. எல்லாக் காருக்கும் தட்டியதுபோல எனக்கும் தட்டினார்கள். அவர் அட்டையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்திருந்தார். மைக்கைத் தாண்டிய பிறகும் இறக்கவில்லை. வேலி வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு வந்தார்.

மிச்ச ரோல்ஸில் பாதியை அவருக்குச் சுற்றிக் கொடுத்தேன். மைதானம் சீக்கிரமாகக் காலியாகியது. வீதிக்கு வந்து முதலாவது சிவப்பு விளக்கில் அவருடைய காரும் என்னுடைய காரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டிலும் இடப்பக்கத்தில் ஆளில்லை. பச்சை விழுந்ததும் அவர் கையைக் காட்டிவிட்டு நேரே போனார். நான் திரும்பினேன்.

வீட்டில் அம்மா முதலில் கூலரைத்தான் திறந்து பார்த்தார்.

“சாப்பிட்டவையோ?”

“ஒரு ஆள் சாப்பிட்டவ.”

“ஆரும் சீற்றிலை இருந்தவையோ?”

“ஓம் அம்மா. அவதான். வெள்ளைக்காரி. உங்கடை வயசிருக்கும்.”

அம்மாவின் முகம் மலர்ந்தது. “பாத்தியே! அவவின்ரை மனுசனும் வந்தவரோ?”

என்ன சொன்னாலும் அம்மா நம்புவார்.

“இல்லை அம்மா. அவர் செத்துப்போனார்.”

அம்மா கூலரை சிங்கில் வைத்துக் கழுவத் தொடங்கினார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

“அப்ப அவ முன்னுக்கு இருந்தவ?”

“ஓம். அட்டையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு.”

“சனம் ஒண்டும் சொல்லேல்லையோ?”

“கை தட்டினவை.”

அம்மா கூலரின் மூடியைத் தேய்த்தார். நான் மெல்ல, “அந்த நட்டுகளிலை நீங்கள்தானே பொட்டு வைச்சனீங்கள்?” என்றேன்.

“ஐயர் தொடக்கி வைச்சவர். மிச்சத்துக்கு நீ வைச்சிருந்தனி. அந்தப் பக்கம் மட்டும் ஒருத்தரும் வைக்காமக் கிடந்தது. ஆரும் இருக்கப்போற இடம், வெறுமையா விடக்கூடாதெண்டு வைச்சனான். ஏன்?”

“நான் வைக்கிற சிவப்பு, நட்டை இறுக்கியாச்சு எண்டதுக்கு அடையாளம் அம்மா. அந்த நட்டுகள் இறுக்காமக் கிடந்தது.”

அவர் கை நின்றது. “ஐயோ. அப்ப அவவுக்கு ஏதும் நடந்திருந்தா? பாத்தியே, நான் கை வைச்சதாலை…”

“இல்லை அம்மா. நான் இறுக்க மறந்துபோனன். அவ ஏறக் காலைத் தூக்கினவ. உங்கடை விரல் பட்ட சிவப்பைக் கண்டபடியால்தான் குனிஞ்சு பாத்தனான். அது இல்லாட்டி அப்பிடியே ஏத்தியிருப்பன்.”

“உண்மையாவோ?”

“உண்மையா.”

“முருகன் அறிய?”

“முருகன் அறிய.”

அம்மா பைப்பை மூடினார். இரண்டு மூன்று நாள் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நானும் கேட்கவில்லை. மாலையில் கராஜுக்குப் போய், அந்த நட்டுகளில் மிஞ்சியிருந்த குங்குமத்தின் மேலேயே நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்தேன். கைநூல் அதை ஒத்துக்கொள்ளாது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கராஜ் வாசலில் நிழல் விழுந்தது. அம்மா. குளிர்கோட், தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிய கம்பளித் துண்டு, கையில் குசினியில் அலுமாரிக்கு எட்ட ஏறி நிற்கிற பிளாஸ்டிக் ஸ்டூல்.

“கோயிலுக்குப் போறன். நீயும் வாறியோ?”

ஸ்டூலைக் காருக்குப் பக்கத்தில் வைத்து அதன்மேல் ஏறினார். சேலையைக் கொஞ்சம் தூக்கி ஒரு காலை உள்ளே வைத்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு மற்றக் காலையும் வைத்து, மெதுவாக, சூடு பார்க்கிறவர்போல, சீற்றில் இருந்தார். பெல்ற்றைப் போட்டுவிட்டேன். நான் என் பக்கத்தால் ஏறப் போகையில் கூப்பிட்டார்.

“தம்பி, அங்கை இறங்கிறதெப்பிடி? ஸ்டூல் கீழை நிக்குது.”

அதை வைக்கக் காரில் இடமில்லை. எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

செவன் சிஸ்டர்ஸ் ரோட்டில் பஸ்ஸின் மேல்தட்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா ஒருவரையும் பார்க்கவில்லை. ஏதோ கதைத்துக்கொண்டே வந்தார். எஞ்சின் சத்தத்திலும் காற்றிலும் எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. உதடு அசைவது மட்டும் கடைக்கண்ணில் தெரிந்தது. வீட்டில் அவர் அவ்வளவு கதைத்து நான் கண்டதில்லை. சிவப்பு விளக்கில் நின்றதும் அவர் பக்கம் சாய்ந்தேன்.

“என்னம்மா சொன்னீங்கள்?”

“ஒண்டுமில்லை. நீ ரோட்டைப் பார்.”

பச்சை விழுந்தது. கார் எடுத்ததும் மறுபடி தொடங்கினார்.